கும்பகோணத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் ஸ்கூபாவும் ஊர் சுற்றலுமாக வெளிநாடு போய்வர எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம்?

இலங்கைக்குப் போங்கள். சித்திரை, வைகாசி என்றால் கிழக்குக் கரையில் திருகோணமலை. மாசி, பங்குனி என்றால் தெற்கே காலி (Galle) நகரப் பக்கம். நாடு ஒன்றுதான், கரைதான் மாறும்.

கணவன் மனைவி இருவர், ஆறேழு நாள் விடுப்பு, இருவரும் இதுவரை ஸ்கூபா, அதாவது காற்றுக் கலம் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, செய்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாலத்தீவைப் பலரும் சொல்வார்கள். அங்கே தண்ணீருக்குள் பார்க்க நிறைய உண்டு, கரையில்தான் சுற்றிப்பார்க்க அதிகமில்லை. உங்களுக்குக் கோயிலும் கோட்டையும் வேண்டுமே! தாய்லாந்தின் கோ தாவ் தீவு ஸ்கூபா கற்க வருகிறவர்களாலேயே பிழைக்கிற ஊர், கட்டணமும் குறைவு. ஆனால் கும்பகோணத்திலிருந்து கிளம்பி, விமானம் மாறி, அப்புறம் படகு ஏறிப் போய்ச் சேருவதற்குள் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளும் அப்படித்தான். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும்தான் சுலபம். பத்து நாள் கிடைக்கிறபோது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

பலரும் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி தேடுகிறார்கள். ஸ்கூபாவுக்கு அது சரிவராது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது திருகோணமலைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான். கடல் கலங்கி, கை நீட்டினால் கை தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகள் கொந்தளிக்கும், மலைகளுக்கு மறுபக்கம் இருக்கும் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். அதனால் திருகோணமலையில் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, காலி பக்கத்து இக்கடுவை, உணவட்டுனையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வயல் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வசதி. சம்பா அறுவடை முடிந்தபின் ஒரு கரை, மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன் இன்னொரு கரை. பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்தது, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுவதால் சுவாசிக்கும் நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் அது மெல்ல வெளியேற நேரம் தர வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டுவிடலாம். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது பொது விதி. நான் ஒரு முழு நாளே விடச் சொல்வேன்.

விமானத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், மலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். இலங்கையின் மலையூரான நுவரெலியா இருப்பது 1,870 மீட்டர் அளவில். காலையில் கடலுக்குள் இறங்கிவிட்டு மத்தியானம் கார் பிடித்துத் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போவது, விமானம் ஏறுவது மாதிரியேதான். டூர் போட்டுத் தருகிறவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. மலை வேண்டுமென்றால் கடலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அனுகூலம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கப்பல் கடல் மட்டத்திலேயே போவதால் பறக்கத் தடை என்ற கணக்கே இதற்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலை போகும் சாலையும் தாழ்ந்த நிலம்தான். கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் போகிற நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே நாகைத் துறைமுகம் வந்துவிடும். ஆனால் காற்று கடுமையாக இருந்தால் பயணம் ரத்தாகும், பருவமழையில் நிறுத்தியும் வைப்பார்கள். எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் பதிவு செய்யுங்கள். திரும்பியதும் மறுநாளே அலுவலகம் போயாக வேண்டும் என்று இருந்தால் கப்பலை நம்ப வேண்டாம்.

நான் போடும் கணக்கு இது. கப்பலில் போய் அன்று யாழ்ப்பாணத்தில் தங்கல். மறுநாள் காலை நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பார்த்துவிட்டுத் திருகோணமலை. அடுத்த இரண்டு நாளும் காலையில் கடல், மாலையில் ஊர். அங்கே சுவாமி ராக் என்கிற பாறை மேல் கோணேசர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஐந்தாம் நாள் பொலன்னறுவை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் வருவது எனக்கு ஒப்பாது. சோழர்கள் அதைத் தலைநகராக வைத்து ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். அவர்கள் காலத்துச் சிவன் கோயிலான வானவன்மாதேவி ஈச்சரம் கல்லில் இன்னும் நிற்கிறது. சின்னதுதான், பெரிய கோயில் அளவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடலில், திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றித்தான் முதல் முறை போகிறவர்களை அதிகம் அழைத்துப்போவார்கள். பவளப்பாறைகள், ஆமை, கருநுனிச் சுறா எல்லாம் உண்டு. அந்தச் சுறா மனிதனைக் கண்டால் விலகிப்போகிற ரகம். 1942இல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். அது மட்டக்களப்புப் பக்கம் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, அனுபவசாலிகளுக்கு மட்டும்.

புதியவர்களுக்கு டிஸ்கவர் ஸ்கூபா என்கிற முதல் அனுபவ இறக்கம் போதும். பயிற்சியாளர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்கு மேல் ஆழம் போக மாட்டார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் ஓப்பன் வாட்டர் பயிற்சிக்கு மூன்று நான்கு நாள் ஆகும், ஊர் பார்க்க நேரமே இருக்காது. பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் முன்னதாகவே புதுச்சேரியில் முடித்து, அதுவரை முடித்ததற்குச் சான்றாக ரெஃபரல் தாள் வாங்கிப்போனால் அங்கே கடலில் இறங்குவது மட்டும் மிச்சம். அதற்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். குளத்திலும் ஆற்றிலும் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

கடலில் இறங்கும் முன் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்தில், ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை இருந்தால் மறைக்காமல் எழுதி, இங்கேயே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கக் கூடாது, காது அடைத்துக்கொள்ளும். அப்புறம் பயணக் காப்பீடு: சாதாரண பாலிசிகள் பலவற்றில் ஸ்கூபா சேராது. விலக்குகள் என்ற பகுதியைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள், தேவையென்றால் ஸ்கூபாவுக்கென்று தனியாக எடுத்துக்கொள்ளலாம்.