இரண்டில் ஒன்று எழும்பினால் போதும்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் சனசமூக நிலையத்தில் மூன்று சேர்வரில் செஃப் (Ceph, பல சேர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்) ஓடவிட்டிருந்தோம். இடம்பெயர்வுகளில் தப்பிய காணி உறுதிகள், பழைய படங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து அதில்தான் கிடக்கின்றன. போன கிழமை இடி விழுந்ததில் இரண்டு சேர்வர் செத்துவிட்டன. மூன்றாவது ஓடுகிறது, ஆனால் ஒன்றும் திறக்க முடியவில்லை. திருத்த வந்த தம்பி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம் என்கிறார். என்ன செய்ய?

பதில்: தம்பியிடம் இன்ஸ்டோல் செய்யும் பென்டிரைவ் இருந்தால் முதலில் அதை வாங்கி வையுங்கள்.

செஃப் வழமையாக ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக, வேறுவேறு சேர்வரில் வைக்கும். இரண்டு பிரதியாவது இருந்தால்தான் திறக்க விடும். எந்த டிஸ்க் எங்கே என்ற வரைபடத்தை வைத்திருக்கும் மொனிட்டர்களிலும் (திரையல்ல, சேர்வரில் ஓடும் செஃப்பின் ஒரு நிரல்) மூன்றுக்கு இரண்டு கூடியிருக்க வேண்டும். உங்களிடம் பிரதியிலும் மொனிட்டரிலும் ஒவ்வொன்றே மிஞ்சியிருப்பதால் அது கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறது. உறுதிகள் உள்ளேதான் இருக்கின்றன.

இடி அதிகம் எரிப்பது பவர் சப்ளையையும் மதர்போட்டையும்தான், டிஸ்க் தப்பிவிடுவதுண்டு. ஆகவே செத்த ஒரு சேர்வரின் டிஸ்க்குகள் அத்தனையையும் கழற்றி வேறொரு கணினிப் பெட்டியில் மாட்டுங்கள். அத்தனையும் என்றால், சிஸ்டம் டிஸ்க்கோடு, தனி எஸ்.எஸ்.டி.யில் செஃப்பின் டேட்டாபேஸைப் பிரித்து வைத்திருந்தால் அதுவும். அது இல்லாமல் பெரிய டிஸ்க் தலையில்லாத முண்டம். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் ஓடவிடாதீர்கள். முதலில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளால் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். விண்டோஸ் கணினியில் மாட்டவே வேண்டாம். செஃப்பின் புளூஸ்டோர் வடிவம் அதற்குப் புரியாது. "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்கும், யாராவது ஓகே அழுத்திவிடுவார்கள். ரிக்கவரி மென்பொருள்களும் அங்கே ஒன்றையும் காணாது.

புதுப் பெட்டியில் அதிகம் பேர் இடறும் இடம் நெட்வொர்க். கார்டின் பெயர் மாறிவிடுவதால் பழைய ஐ.பி. வராது; ஐ.பி. மாறினால் மொனிட்டரை மற்றது அடையாளம் காணாது. பழைய ஐ.பி.யையே கொடுங்கள். அடுத்தது நேரம். பற்றரி செத்த மதர்போட் பல வருடம் பின்னுக்குப் போய் நிற்கும். மொனிட்டர்களுக்கிடையில் 0.05 செக்கன் தாண்டினாலே செஃப் முறையிடும். வருடக்கணக்கில் பிழைத்தால் உள்ளே விடவே விடாது. இன்டர்நெட் இல்லாவிட்டால் ஓடும் சேர்வரையே மற்றதுக்கு நேரம் சொல்ல வையுங்கள்.

சிஸ்டம் டிஸ்க் எரிந்திருந்தால், உயிரோடுள்ள மொனிட்டரின் கோப்புறையை நகலெடுத்துவிட்டு, மொனிட்டர்களின் பட்டியலான மொன்மேப்பிலிருந்து மற்ற இரண்டையும் நீக்கித் தனியாக எழுப்பலாம். பிறகு தப்பிய டிஸ்க்குகளை செஃப்-வொல்யூம் (ceph-volume) கட்டளையால் உயிர்ப்பிக்கலாம். தாங்கள் யார் என்பதை அவை தம்மிலேயே எழுதி வைத்திருக்கும்.

ஒரு பிரதியோடு திறக்கும்படி அமைப்பை மாற்றலாம்தான். இரண்டு பெட்டியின் டிஸ்க்குகளும் உண்மையிலேயே போனபிறகு, அதுவும் மூன்றாவதின் டிஸ்க்குகளை நகலெடுத்த பிறகு மட்டும் செய்யுங்கள்.

திறந்ததும் உறுதிகளை வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி எடுங்கள். அது முடியும் வரை மூன்றாவது பெட்டியில் கை வைக்க வேண்டாம்.