விதை எண்ணும் மேக்ரோ தடுமாறினால் புதிய கணினி வாங்க வேண்டுமா?

கேள்வி: வேளாண்மை படித்துவிட்டுச் சொந்தமாகச் சிறிய விதைப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். படங்களில் உள்ள விதைகளை எண்ணிப் பரப்பளவு காண, கேமரா விற்றவரே இமேஜ்ஜே மென்பொருளை நிறுவி, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரு மேக்ரோவும் எழுதிக் கொடுத்தார். அவர் ஓட்டிக் காட்டியபோது சரியாக இருந்தது. இப்போது சில நேரம், அந்தப் பெயரில் விண்டோ இல்லை என்ற செய்தி வந்து நின்றுவிடுகிறது. சில நேரம் நிற்காமல் ஓடி, நம்ப முடியாத எண்களைத் தருகிறது. கணினியின் வேகம் போதாது, கிராபிக்ஸ் கார்டு போடுங்கள், இல்லையென்றால் கட்டண மென்பொருளுக்கு மாறுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கணினியின் குறையைக் காட்டவில்லை, மேக்ரோ எழுதப்பட்ட விதத்தைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பேண்ட் 1997-இல் வெளியிட்ட மென்பொருள் இமேஜ்ஜே. அன்றைய கணினிகளிலேயே அது ஓடியது. ஒளிர்வுக்கு ஒரு வரம்பு வைத்து விதையைப் பின்னணியிலிருந்து பிரிப்பது, துகள்களை எண்ணுவது ஆகிய வேலைகளை அது கணினியின் செயலியை வைத்தே செய்கிறது. இந்தக் கோளாறைக் கிராபிக்ஸ் கார்டு தீர்க்காது.

இமேஜ்ஜே மேக்ரோவில் பெரும்பாலான கட்டளைகள், அந்த நொடியில் எந்தப் படம் முன்னால் இருக்கிறதோ அதன்மேல்தான் செயல்படும். மேக்ரோ மூலப்படத்தை நகலெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, எண்ணப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உங்கள் உதவியாளர் வேறொரு படத்தைச் சொடுக்கினால், அடுத்த கட்டளை அந்தப் படத்தின்மேல் விழும். பயனர் ஒரு பகுதியை வரைவதற்காக மேக்ரோ நின்று காத்திருக்கும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு. வரைந்து முடித்தபின் எந்தப் படம் முன்னால் இருக்கிறது என்று அது சரிபார்ப்பதில்லை.

பெயர் இல்லை என்று நிற்பதற்குக் காரணம் வேறு. மென்பொருளிலேயே உள்ள ரெக்கார்டர், நாம் செய்வதையெல்லாம் பார்த்து மேக்ரோ வரிகளாக எழுதிக் கொடுக்கும். அன்று திறந்திருந்த கோப்பின் பெயரையும் அப்படியே எழுதிவிடும். செலக்ட்விண்டோ என்ற கட்டளையில் பழைய கோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால், புதிய படத்தோடு மேக்ரோ நின்றுவிடும். கடைக்காரர் காட்டிய அன்று ஓடியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டிய அதே படத்தை மட்டும் திறந்து, மௌஸைத் தொடாமல் மேக்ரோவை ஓட்டுங்கள். பிறகு அதே படத்தை வேறு பெயரில் சேமித்து ஓட்டுங்கள். முதல் முறை சரியாக ஓடி, இரண்டாம் முறை நின்றால் பெயர்தான் சிக்கல். இரண்டு முறையும் ஓடி, நடுவில் வேறொரு படத்தைச் சொடுக்கும்போது மட்டும் எண்கள் மாறினால், முன்னால் இருக்கும் விண்டோவை நம்பி எழுதியதுதான் சிக்கல்.

நின்றுபோகும் மேக்ரோவைவிட நிற்காமல் தவறான எண்களைத் தருவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. அந்த எண்களை நம்பி உங்களிடம் விதை சோதிக்கக் கொடுத்தவர் விதைப்பார். செட் மெஷர்மெண்ட்ஸ் பெட்டியில் டிஸ்ப்ளே லேபிள் என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள். முடிவு அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் எந்தப் படத்திலிருந்து வந்தது என்ற பெயர் வரும். பெயர் பொருந்தாத வரிகளை ஒதுக்குங்கள். ஏற்கெனவே கொடுத்த அறிக்கைகளில் சந்தேகமுள்ளவற்றை மறுபடி எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது தெளிவானது. படத்தைத் திறந்தவுடன் கெட்இமேஜ்ஐடி கட்டளையால் அதன் அடையாள எண்ணை வாங்கி வைக்க வேண்டும். இது எதிர்மறை எண்ணாக வரும். நகலெடுத்தால் நகலின் எண்ணையும் வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன்பு செலக்ட்இமேஜ் கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்து, உரிய படத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். மேக்ரோ என்பது வெறும் எழுத்துக் கோப்பு. பணம் கொடுத்திருக்கிறீர்கள், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்த வேறு யாரும் திருத்தலாம்.

பில்லையும் எடுத்துப் பாருங்கள். இமேஜ்ஜே எல்லோருக்கும் பொதுவான இலவச மென்பொருள். நிறுவியதற்கும் மேக்ரோ எழுதியதற்கும் கூலி வாங்குவது நியாயம். உரிமக் கட்டணம் என்று தொகை போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். மேக்ரோ எழுதிய கூலி பில்லில் இருந்து, அவர் திருத்தித் தர மறுத்தால், அதைச் சேவைக் குறைபாடாகக் கொண்டு முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அவர் சொல்லக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே பொருள் வாங்கியவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. உங்கள் நிலைமை அதற்குப் பொருந்தலாம், ஆனால் மேக்ரோ எழுதியது சேவை என்பதால் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கேள்வி: மேக்ரோ ஓடும்போது அதே கணினியில் கடிதம் தட்டச்சு செய்தால் விண்டோக்கள் குறுக்கே வந்து வந்து விழுகின்றன. இதற்காக இரண்டாவது கணினி வாங்கலாமா?

பதில்: முதலில் செட்பேட்ச்மோட் என்ற கட்டளையை மேக்ரோவின் தொடக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். படங்கள் திரையில் தோன்றாமல் உள்ளேயே வேலை நடக்கும். 20 மடங்கு வரை வேகம் கூடலாம் என்று இமேஜ்ஜேயின் ஆவணமே சொல்கிறது. பயனர் கையால் வரைய வேண்டிய படி இருந்தால் மட்டும் இது அப்படியே பொருந்தாது. அந்தப் படத்தை வெளியே காட்டும்படி எழுத வேண்டியிருக்கும். இதைச் செய்தபிறகும் கணினி திணறினால் அப்போது நினைவகத்தைக் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.