கூடைக்குள் விழுந்த கொழுந்து

அன்புள்ள ஐயா,

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். எங்கள் சபையில் இந்த வருடத்தை 'எதிர்பாராத ஆசீர்வாதங்களின் வருடம்' என்று அறிவித்திருக்கிறார்கள். சாட்சி நேரத்தில் ஒருவர் கனடா விசா கிடைத்ததைச் சொல்கிறார்; இன்னொருவர் நினையாத இடத்திலிருந்து பணம் வந்ததைச் சொல்கிறார். லயத்துக் காம்பராவிலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் அறையிலிருந்து, ஒரு தனி வீட்டுக்குப் போகவேண்டும் என்று நான் ஏழு வருடங்களாக ஜெபிக்கிறேன். வீட்டுத்திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகிறது. நான் பள்ளிக்குப் போனால் பக்கத்துக் காம்பரா அக்காதான் அவரைப் பார்த்துக்கொள்கிறார். விசுவாசத்தோடு விதைக் காணிக்கை கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டிப் போதகர் சொல்கிறார். எங்களிடம் இருப்பது அம்மாவின் சங்கிலி ஒன்றுதான். அதை அடகு வைத்துக் கொடுக்கலாமா? சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்பதை நினைத்தால், எனக்கு விசுவாசம் குறைவோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கிலியை அடகு வைக்கவேண்டாம். மற்றவற்றைப் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். நோயாளியாகப் படுத்திருக்கும் தாயின் கழுத்து நகையை வட்டிக்கு வைத்துக் கொண்டுவரும்படி கேட்கிறவர் நீங்களும் நானும் ஆராதிக்கிற கர்த்தர் அல்லர். தேவனுடைய வரத்தைப் பணத்தினால் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று நினைத்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காணிக்கை என்பது பெற்றுக்கொண்டவர்கள் நன்றியோடு கொடுப்பது. முன்பணம் கட்டி ஆசீர்வாதத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் வேதத்தில் எங்கும் இல்லை.

உங்கள் போதகர் காட்டும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தையும் முழுமையாக வாசிக்கவேண்டும். வானத்தின் பலகணிகளைப் பற்றிய வாக்கு பத்தாம் வசனத்தில் வருகிறது. அதற்கு ஐந்து வசனங்கள் முன்னே, கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே தீவிரமான சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். தோட்ட வேலைக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை வருடக்கணக்காகப் போராடவேண்டியிருந்த ஒரு மக்களிடம், ஐந்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பத்தாம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் போதகர் நல்ல மனதோடுதான் பேசுகிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவரிடம் பணிவோடு இதைக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

விசுவாசக் குறைவு பற்றிய உங்கள் பயம்தான் என்னை அதிகம் வருத்தியது, ஏனென்றால் அந்தப் பயத்தோடு வாழ்ந்த ஒருவரை நான் அறிவேன். என் தாத்தா சிறு பிள்ளையாக இந்தியாவிலிருந்து தலைமன்னார் வழியாக இந்த மலைக்கு வந்தவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவரை எந்த நாட்டுக்கும் உரியவரில்லாமல் ஆக்கிற்று. 1964இல் இரண்டு அரசுகளும் நம்மைப் பங்குபோட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதிக்கொண்டபோது, அவருடைய தம்பி குடும்பத்தோடு கப்பலேறினார். தாத்தா இங்கே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒவ்வோர் இரவும் ஸ்தோப்புத் திண்ணையில் குப்பி விளக்கின் முன் முழங்காலிட்டு, "இந்த மண்ணிலே எங்களுக்கு ஒரு பேர் கொடும் ஆண்டவரே" என்று அவர் ஜெபித்ததைப் பக்கத்தில் படுத்திருந்து கேட்டிருக்கிறேன். பதில் காணாமலே அவர் இறந்தார். எஞ்சியிருந்த நம் மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, அவருடைய கல்லறையின் மேல் கருவேப்பிலை மரம் ஒன்று வளர்ந்து நின்றது. அவருக்கு விசுவாசம் குறைவென்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வாக்குப்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டவர்கள் என்று எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் சொல்கிற கூட்டத்தில்தான் நான் அவரை வைத்திருக்கிறேன்.

ஆசீர்வாதம் வந்தவர்களைக் கொண்டு விசுவாசத்தை அளக்கத் தொடங்கினால் அந்த அளவுகோல் எங்கே போய் நிற்கும் என்பதையும் யோசிக்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அன்று தப்பியவர் கர்த்தருக்கு நன்றி சொல்வது நியாயம். புதையுண்டவர்களின் பக்தியைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்ற எல்லாரையும்விடப் பாவிகளோ என்ற கேள்விக்கு, அப்படியல்ல என்று இயேசுவே பதில் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதுவதால், எதிர்பாராத நன்மைகளைக் கர்த்தர் தருவதில்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தருகிறார், நாம் வேண்டிக்கொள்வதற்கும் நினைப்பதற்கும் மிகவும் அதிகமாய்ச் செய்ய வல்லவர் என்று பவுல் எழுதியதை நான் எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன். ஆனால் அந்த நன்மைக்கு வருடம் குறித்து, அது விசாவாகவும் வீடாகவும் பணமாகவும்தான் வரவேண்டும் என்று வடிவமும் குறித்துவிட்டால், அது நாம் எதிர்பார்த்தபடியே வரவேண்டிய ஒன்றாகிவிடுகிறது. உண்மையில் எதிர்பாராமல் வருவதை அடையாளம் காணக் கண் இல்லாமல் போகிறது.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் நான்காம் வகுப்பில் படித்த வருடம், மழைக்காலத்தில், அவருக்கு ஒரு கிழமையாகக் காய்ச்சல். வேலைக்குப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை. போய்க் குறைவாகப் பறித்தால் அரைப்பேர். காலையில் எழுந்து, "ஆண்டவரே, இந்தக் காய்ச்சலை மட்டும் எடுத்துப்போடும்" என்று ஜெபித்துவிட்டு, காய்ச்சலோடே படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார். பள்ளி விடுமுறையாகையால் பத்து மணியளவில் நான் போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அம்மா நிரையில் பின்தங்கி, ஒவ்வொரு செடியிலும் கையை ஊன்றி நின்று நின்று பறித்துக்கொண்டிருந்தார். முன்னே போன பெண்கள் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள்: ஒருவர் வெற்றிலை கேட்டார், ஒருவர் அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு கேட்டார். போகும்போது ஆளுக்கொரு கைப்பிடிக் கொழுந்தை அம்மாவின் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள். கூடை தலைக்கயிற்றில் முதுகுப்புறம் தொங்குவதால் அம்மாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, ஒரு அக்கா விரலை உதட்டில் வைத்துச் சொல்லாதே என்று எனக்குச் சைகை காட்டினார்.

மாலையில் மடுவம் என்ற கொட்டகையில் கொழுந்து நிறுத்தபோது கணக்கப்பிள்ளை முழுப்பேர் எழுதினார். அம்மா தராசின் முள்ளைப் பார்த்து, "இது என்னாங்க?" என்று கேட்டார்.

அதே கேள்வியைப் பல வருடங்களுக்குப் பிறகு யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன். வனாந்தரத்தில் விடியற்காலையில் தரையெங்கும் கிடந்த உணவைப் பார்த்து இஸ்ரவேலர் கேட்டதும் "இது என்ன?" என்றுதான், அந்தக் கேள்வியே மன்னா என்று அதற்குப் பெயராயிற்று. அவர்கள் எகிப்தின் இறைச்சிப் பாத்திரங்களை நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்ததற்கு அவர்களிடம் பெயர்கூட இருக்கவில்லை. அதை ஓமர் என்ற அளவுப் பாத்திரத்தால் அளந்தபோது மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. அரைப்பேர் என்ற ஒன்றே இல்லாத அந்தத் தராசைப் பற்றி, கொழுந்து நிறுத்து வளர்ந்த நம்மைப்போல் வேறு யார் சந்தோஷப்பட முடியும்? காய்ச்சல்காரியின் கூலியை அரையாக்கும் கணக்கு அநியாயமானது என்பதையும் அந்த வசனம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அம்மாவின் காய்ச்சல் அன்றைக்கு விடவில்லை; இன்னும் நான்கு நாள் இருந்தது. ஜெபித்தது ஒன்று, வந்தது வேறொன்று. போவாஸ் தன் வேலைக்காரரிடம், வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக அரிகளிலே சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னதைப்போல, அந்தப் பெண்களின் மனதில் பேசினவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆகவே வீட்டுக்காக ஜெபிப்பதை நிறுத்தாதீர்கள். வீடு என்றே வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே, பட்டியலில் உங்கள் பெயர் எந்த இலக்கத்தில் நிற்கிறது என்பதை எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, அதன் பிரதியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போன விதவையை இயேசு ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டினார் என்பதால், அலுவலகத்துக்கு நடப்பது விசுவாசக் குறைவாகாது.

இனி உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை திரும்ப வாசியுங்கள். சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிய அதே தாளில், இரண்டு வருடங்களாக ஒவ்வொரு பள்ளி நாளும் உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவைப் பற்றி ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றுவது எவ்வளவு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அக்காவின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். என் ஜெபத்தில் அவரையும் பெயர் சொல்லி நினைக்க விரும்புகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்