மாஸ்டர்ஸ், பிஎச்டி போகப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்குல ஒரு யூனில ஆராய்ச்சி பண்றேன், மாஸ்டர்ஸ், பிஎச்டிக்கு வர்ற அப்ளிகேஷனயும் பார்க்கிற வேலை இருக்கு. நம்ம பிள்ளைங்க நல்ல ரிசல்ட் வச்சுக்கிட்டு சரியா விசாரிக்காம சேர்ந்து பாதியில நிறுத்திட்டுப் போறத பார்த்தா மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, அதனாலதான் கேள்விய அனுப்பச் சொன்னேன். வந்ததுல முடிஞ்ச வரைக்கும் பதில் போடுறேன்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில எஞ்சினியர் அக்கா. பார்ட் டைமா மாஸ்டர்ஸ் பண்ணணும், கோர்ஸ்வொர்க்கா ரிசர்ச்சா?

தம்பி, வேலையில மேல போறதுக்குன்னா கோர்ஸ்வொர்க் எடு. கிளாஸ், அசைன்மெண்ட், கடைசியில ஒரு சின்ன ப்ராஜெக்ட், எப்ப முடியும்னு ஓரளவு கணக்கு போடலாம். லெக்சரர் ஆகணும், பிஎச்டி போகணும்னா ரிசர்ச், இல்லன்னா கிளாஸும் ரிசர்ச்சும் கலந்து வர்ற மிக்ஸ்ட் மோட். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கிட்டு லேப் ரிசர்ச் ரொம்ப சிரமம், மெஷின் ஃப்ரீயா இருக்கிற நேரத்துல நீ ஃபேக்டரில இருப்ப. ஃபேக்டரி டேட்டாவையே தீசிஸுக்கு எடுத்துக்கலாம்னு இருந்தா மேனேஜர்கிட்ட எழுத்துல பெர்மிஷன் வாங்கிட்டு அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணு. ஃபீஸ் ரசீத பத்திரமா வை, மாஸ்டர்ஸ், பிஎச்டி எந்தத் துறையா இருந்தாலும் வருஷத்துக்கு 7,000 வெள்ளி வரைக்கும் இன்கம் டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்.

சூப்பர்வைசர எப்படி தேடுறது? ஈமெயில் போட்டா யாருமே பதில் போட மாட்றாங்க.

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி தங்கச்சி. ரிசர்ச்ல நீ யூனிவர்சிட்டிய தேர்ந்தெடுக்கிறேன்னு நினைக்கிற, ஆனா அடுத்த மூணு நாலு வருஷம் உன் வாழ்க்கை ஒரே ஒரு ஆள் கையில இருக்கும், அவரு நல்லவரா அமைஞ்சா எந்த யூனியா இருந்தாலும் கரை சேர்ந்துடுவ.

ஒரே ஈமெயில இருபது பேருக்கு அனுப்பாத, பார்த்த உடனே தெரியும். அவரோட சமீபத்து பேப்பர் ரெண்டு படி, அதுல எது உனக்கு பிடிச்சது, அதுல இருந்து நீ என்ன செய்யணும்னு ஆசப்படுறன்னு நாலு அஞ்சு வரியில எழுது, ரிசல்ட்டையும் சிவியையும் சேர்த்து அனுப்பு. ரெண்டு வாரம் பார்த்துட்டு மரியாதையா ஒரு தடவ ஞாபகப்படுத்தலாம், தப்பே இல்ல. செமஸ்டர் கடைசியில மார்க் போடுற நேரம் மட்டும் வேணாம்.

பதில் வந்ததும் அவர்கிட்ட கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்குன்னு கிடைச்ச பணம், இருக்கான்னு கேளு, கூச்சமே படாத. அரசாங்கம் குடுக்கிற எஃப்ஆர்ஜிஎஸ் மாதிரி கிராண்ட் எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான். அதுல ஒரு வருஷம் ஓடிப்போன பிறகு நீ ஜிஆர்ஏவா, அதாவது அந்த கிராண்ட்ல அலவன்ஸ் வாங்குற ஆராய்ச்சி உதவியாளரா சேர்ந்தா உன் படிப்பு முடியிறதுக்குள்ள அலவன்ஸ் நின்னுடும், அப்புறம் க்ராப் ஓட்டிக்கிட்டே தீசிஸ் எழுதுற நிலைமைதான். இன்னொன்னு, அரசாங்க யூனில ரிட்டயர் ஆகிற வயசு 60. புரொஃபசருக்கு 58 ஆச்சுன்னா கான்ட்ராக்ட்ல தொடர்வாரா, இல்லன்னா கோ-சூப்பர்வைசர் யாருன்னு முதல்லயே கேட்டு வச்சுக்கணும்.

கடைசியா அவர்கிட்ட இப்ப படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர தனியா பிடிச்சு பேசு. டிராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல படிச்சு தருவாரு, மீட்டிங் ஒழுங்கா நடக்குமா, இதுக்கு முன்னாடி இருந்தவங்க எவ்வளவு காலத்துல முடிச்சாங்க, யாராவது பாதியில போனாங்களா? நல்ல சூப்பர்வைசரோட பிள்ளைங்க மடமடன்னு சொல்லிடுவாங்க. கேட்டதும் பேச்ச மாத்துனாங்கன்னா நீ வேற ஆள பாரு.

சிஜிபிஏ 2.4தான் அக்கா, ஆனா ஏழு வருஷம் வேலை பார்த்திருக்கேன். வாய்ப்பு இருக்கா?

இருக்கு. 2.50க்கு கீழ இருந்தாலும் அந்தத் துறையிலயே அஞ்சு வருஷம் வேலை அனுபவம் இருந்தா அதைப் பார்த்து எடுக்க வழி இருக்கு. செய்ற வேலைய விவரமா எழுதி எம்ப்ளாயர் லெட்டர் வாங்கு, வெறும் பதவிப் பேரு மட்டும் போட்டா பத்தாது. டிகிரியே இல்லாம 30 வயசு தாண்டின அண்ணன் அக்காங்க வேலை அனுபவத்த மதிப்பிட்டு சேர்க்கிற ஏப்பெல் வழிய விசாரிங்க.

செந்தூல்ல இருந்து எழுதுறேன் மா. மக சைக்காலஜி டிகிரி முடிச்சிருக்கா, பேஷண்ட் பார்க்கணும்னு ஆசை. எந்த மாஸ்டர்ஸ் சேர்க்கிறது?

அம்மா, இதுல நிறைய பேரு ஏமாந்து போறாங்க. சும்மா சைக்காலஜி மாஸ்டர்ஸ் படிச்சா பேஷண்ட் பார்க்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா கிளினிக்கல் சைக்காலஜின்னே பேரு போட்ட மாஸ்டர்ஸ் வேணும், யூகேஎம், ஹெல்ப் யூனிவர்சிட்டி எல்லாம் நடத்துறாங்க, சீட்டு கம்மி, இன்டர்வியூ உண்டு, ஆஸ்பத்திரி பயிற்சியும் உண்டு. 2016ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டம் 774 கீழ வர்ற தொழில் அது. கவுன்சிலிங் வேற பாதை, அதுக்கு 1998 கவுன்சிலர் சட்டம், லெம்பாகா கவுன்சிலர்ங்கிற கவுன்சிலர் வாரியத்துல பதிவு பண்ணணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி, "இத முடிச்சா எதுல ரெஜிஸ்டர் ஆகலாம்?"னு எழுத்துல பதில் வாங்குங்க மா. வாயால சொன்னா ஏத்துக்காதீங்க.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாஸ்டர்ஸ்க்கு மலாயாவா, உப்சியா?

டீச்சர், இலக்கியம், சமூகம், வரலாறுன்னு போனா மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, 1956ல இருந்து இருக்கு. வகுப்பறை, கற்பித்தல் முறைன்னா தஞ்சோங் மாலிம்ல இருக்கிற சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம், அதான் உப்சி. தமிழ்லயே ஆய்வேடு எழுத ஆசைன்னா அதையும் முன்கூட்டியே கேட்டுக்குங்க. சேர்றதுக்கு முன்னாடி எச்எல்பிக்கு, அதாவது அரசாங்க ஊழியருக்கான படிப்பு உதவித்தொகைக்கு, மனு போடுங்க, முழுச் சம்பளத்தோட படிப்பு லீவு கிடைக்கும், முடிச்ச பிறகு பாண்ட் இருக்கு, சொன்ன காலத்துக்கு அரசாங்க வேலையில இருக்கணும். நம்ம டீச்சர்மார் நிறைய பேரு இது தெரியாம சொந்தக் காச போட்டு ராத்திரில முழிச்சு படிக்கிறாங்க.

வெளிநாடு போக கையில காசு இல்ல. கனவ விட்டுடணுமா?

ஏன் விடணும்! அமெரிக்காவுல டிகிரி மட்டும் வச்சே நேரா பிஎச்டிக்கு அப்ளை பண்ணலாம், பல இடத்துல ஃபீஸும் இல்லாம உதவித்தொகையும் குடுத்து டீச்சிங் இல்ல ரிசர்ச் அசிஸ்டெண்ட் வேலை தருவாங்க. மாஸ்டர்ஸ்க்கு அப்படி கிடைக்கிறது கஷ்டம். டெட்லைன் நிறைய டிசம்பர்ல, ஜிஆர்இங்கிற நுழைவுப் பரீட்சைய இப்ப பல டிபார்ட்மெண்ட் கேட்கிறதில்ல, ஃபண்டிங்கோட வர்ற ஆஃபருக்கு ஏப்ரல் 15 வரைக்கும் டைம் குடுக்கிறதா நிறைய யூனிவர்சிட்டி ஒத்துக்கிட்டிருக்கு, அவசரப்பட்டு கையெழுத்து போடாத. லண்டன் பக்கம்னா மாஸ்டர்ஸ் ஒரு வருஷம்தான், பிரிட்டிஷ் அரசாங்கத்தோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேணும், முடிச்சு திரும்பி வந்து ரெண்டு வருஷம் நம்ம நாட்டுல இருக்கணும்.

ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்க பயமா இருக்கு, லெக்சரருக்கு என்னை ஞாபகமே இருக்காது.

ஒரு மாசத்துக்கு முன்னாடியே கேளு. எந்த வருஷம், எந்த சப்ஜெக்ட், என்ன ப்ராஜெக்ட் செஞ்சேன்னு எழுதி டிரான்ஸ்கிரிப்ட்டும் அனுப்பு, அவருக்கும் எழுத ஏதாச்சும் வேணும்ல.

கேஎல்ல பெரிய பேருள்ள யூனில ஆஃபர் வந்திருக்கு, ஃபண்டிங் இல்ல. பினாங்குல ஜிஆர்ஏவோட வந்திருக்கு. வீட்ல பெரிய பேருக்குப் போன்னு சொல்றாங்க.

பினாங்கு சூப்பர்வைசர பத்தி அவரோட பிள்ளைங்க நல்லபடியா சொன்னா நான் பினாங்குதான் சொல்வேன் தம்பி, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. வீட்டு வாடகை, சாப்பாடு, மோட்டாருக்கு பெட்ரோல் எல்லாம் சேர்த்து கேஎல்ல மாசம் எவ்வளவு ஆகும்னு ஒரு தாள்ல எழுதி அப்பா அம்மாகிட்ட காட்டு, அவங்களே புரிஞ்சுக்குவாங்க. ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஜிஆர்ஏ எத்தனை மாசத்துக்குன்னு லெட்டர்ல போட்டிருக்கான்னு பாரு. இல்லன்னா இன்னைக்கே ஈமெயில் போட்டு கேளு.