மோட்டார் மெக்கானிக் படிப்பு: கொழும்பில் எங்கே, எப்படி? கேள்வி பதில்

ஓ.எல். முடிவு வந்த கையோடு பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பல வருடம் ஒரு பயிற்சி நிலையத்தில் வாகன மின்சாரம் படிப்பித்தவன். இப்போது தெமட்டகொடப் பக்கத்தில் ஒரு கராஜில் பழுது பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தாய்: மகன் ஓ.எல்.லில் கணக்குச் சித்தியடையவில்லை. வாகனம் என்றால் உயிர். எங்கே சேர்க்கலாம்?

அம்மா, முதலில் கவலையை விடுங்கள். எல்லா இடமும் கணக்குச் சித்தியைக் கேட்பதில்லை. நாரஹேன்பிட்டவில் தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. ஒருகொடவத்தையில் நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் வாகனப் பொறியியல் பயிற்சி நிலையம் இருக்கிறது. மருதானை தொழில்நுட்பக் கல்லூரி 1893இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. மூன்றுமே அரசாங்கத்தின் இடங்கள். ஒவ்வொரு பாடநெறிக்கும் தகைமை வேறுபடும், ஆகவே மகனையும் கூட்டிக்கொண்டு நேரே போய்க் கேளுங்கள். போனில் கிடைக்கும் பதில் பாதிப் பதில்தான்.

ஜேர்மன் டெக் என்று சொல்லப்படும் இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1959இல் மேற்கு ஜேர்மனியின் உதவியோடு, இ.போ.ச. பஸ்களைத் திருத்த ஆட்களைப் பயிற்றவென்று வெரஹெரவில் ஆரம்பித்தது. இப்போது காலி வீதியில் இருக்கிறது. முழுநேரப் பயிற்சி மூன்று வருடத்துக்கு மேல் போகும். அரத்தைப் பிடித்து இரும்பை ராவுவதிலிருந்து தொடங்குவார்கள். போட்டி கடுமை, வயதெல்லையும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

கணக்கை மட்டும் மகன் கைவிடக் கூடாது. இந்த வேலைக்கு அட்சரகணிதம் பெரிதாக வேண்டாம். விகிதம், சதவீதம், தசமம், ஓமின் விதி இந்த நாலும் கைவந்தால் போதும். ஒரு நல்ல வாத்தியார் மூன்று மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

கொட்டாஞ்சேனை மாணவர்: ஒரு தனியார் இடத்தில் ஆறு மாத "டிப்ளோமா" இருக்கிறதாம். இந்தக் கிழமைக்குள் பணம் கட்டினால் கழிவு தருகிறார்களாம். சேரலாமா அண்ணா?

தம்பி, கழிவு என்று அவசரப்படுத்துகிற இடத்தில் காசை நீட்ட வேண்டாம். நம் நாட்டில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நாலு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ஆறு மாதத்தில் கிடைக்கிற "டிப்ளோமா" இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் பாருங்கள். நிறுவனம் பதிவாகியிருந்தும் நீங்கள் சேரும் வகுப்புக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வகுப்பு நடக்கும் நேரத்தில் போய் செய்முறைக் கூடத்தைப் பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கும் எஞ்சினில் பெயின்ட் பளபளவென்று இருந்து, போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லையென்றால், அதை யாரும் கழற்றிப் பூட்டவில்லை. ஒரு எஞ்சினைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஸ்டார்ட் ஆகி ஓடக்கூடிய வாகனம் ஒன்றாவது உள்ளே நிற்கிறதா? சுவரில் தொங்கும் படங்களை விட இவை முக்கியம்.

கிராண்ட்பாஸ் கராஜ் ஒன்றில் வேலை செய்பவர்: பதினாறு வயதிலிருந்து இந்த வேலைதான். எல்லாம் தெரியும், கையில் ஒரு கடதாசியும் இல்லை. இனிப் போய்ப் படிக்கவும் நேரமில்லை.

உங்களைப் போன்றவர்களுக்காகவே ஆர்.பி.எல். என்ற வழி இருக்கிறது. செய்து பழகிய வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. தருவார்கள். நைட்டாவில் விண்ணப்பம் வாங்கலாம். எந்தெந்த வேலை செய்தீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள்: முதலாளியின் கடிதம், செய்த வேலைகளின் படங்கள். இன்றிலிருந்தே போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் தயார் செய்துகொண்டு போங்கள். மதிப்பீட்டாளர் கையைப் பார்ப்பார், கூடவே "ஏன்?" என்றும் கேட்பார். வீல் நட்டை எடுத்துக்கொள்வோம். நம் கராஜ்களில் ஸ்பானரில் ஏறி நின்று மிதித்து இறுக்குகிற பழக்கம் உண்டு. விட்ஸ் போன்ற சிறிய டொயோட்டாவுக்குச் சொல்லப்பட்ட அளவு 103 நியூட்டன் மீற்றர். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச்சால், எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று தரத்தில் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இறுகினால் பிரேக் டிஸ்க் நேராக உட்காராது. கொஞ்ச நாளில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். வாடிக்கையாளர் வந்து டிஸ்க்கைக் குறை சொல்வார். இப்படிக் காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் நாலாம் மட்டம் உங்களுக்குக் கஷ்டமே இல்லை.

தெஹிவளையிலிருந்து: இப்போது எல்லாவற்றையும் ஸ்கேனரே சொல்கிறதே. நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்கினால் போதாதா? படிப்பு எதற்கு?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் வழிதவறுவது இங்கேதான்.

ஒரு வாகனத்தில் எஞ்சின் லைட் எரிகிறது. வாகனக் கணினியின் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கேனரில் பி0171 என்று வருகிறது. கலவையில் காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்பதுதான் அதன் பொருள். எந்தப் பாகம் பழுது என்று அது சொல்லவில்லை. ஆனால் நடப்பது என்ன? தகவல் ஒட்சிசன் சென்சரிலிருந்து வருகிறது என்பதால், உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய் அந்தச் சென்சரை வாங்கி மாற்றுகிறார்கள். இரண்டு நாளில் லைட் திரும்பவும் எரிகிறது. உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டித்த கதை.

படித்தவன் அதே ஸ்கேனரில் பியூவல் ட்ரிம் பக்கத்தைத் திறப்பான். கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று அது காட்டும். அக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது எத்தனை சதவீதம், நிமிடத்துக்கு 2500 சுற்றில் எத்தனை என்று பார்ப்பான். ஐடிலில் கூடி, சுற்றுக் கூட்டியதும் இறங்கினால் எங்கோ ஒரு வாக்குவம் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. சுமை ஏற ஏற அதுவும் ஏறினால் பெற்றோல் பம்ப், பில்டர் அல்லது அழுக்கேறிய காற்று அளவி என்று தேடுவான். ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளருக்கு மிஞ்சும் காசு பெரியது.

இன்னொன்று, ஸ்கேனர் தொடவே முடியாத பழுது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடற்கரையோரம் ஓடும் கார்களில் ஹெட்லைட் மங்கும். பல்ப் மாற்றியும் மங்கல்தான். லைட்டைப் போட்டுவிட்டு மீற்றரைப் பிடியுங்கள். பற்றரியில் 12.3 வோல்ட், பல்ப்பின் இரு முனைக்கும் இடையில் 10.5. மிச்சம் 1.8 எங்கே? பற்றரியின் நெகட்டிவ்விலிருந்து பல்ப்பின் ஏர்த் வயருக்கு அளந்தால் 1.6 நிற்கிறது. காரின் இரும்பு உடம்பில் அந்த வயரைப் பூட்டிய போல்ட்டுக்குக் கீழே கறள். கழற்றிச் சுரண்டி, கிறீஸ் பூசிப் பூட்டினால் லைட் பளிச்சென்று எரியும். இதையே வாகனத்தை நிறுத்திவிட்டு ஓம் அளவில் பார்த்தால் நல்லதென்றே காட்டும், ஏனென்றால் மீற்றர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். சுமை இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் நீங்கள் வாங்க வேண்டியது இதைத்தான். பாகம் மாற்ற எந்தக் கராஜிலும் பழகலாம்.

வத்தளை மாணவர்: ஹைபிரிட் படித்தால் நல்ல எதிர்காலமா? நேரடியாக அதையே படிக்கலாமா?

எதிர்காலம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் இருந்த அக்குவா, பிரியஸ், வெசல் போன்ற, பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்கள் எல்லாம் வயதாகிப் பற்றரி இளைத்து வருகின்றன. புதிய மின்சாரக் கார்களும் வந்திறங்குகின்றன. ஆனால் நேரே அதில் கை வைக்க வேண்டாம். சாதாரண 12 வோல்ட் மின்சாரம் முழுவதும் கைக்கு வந்த பிறகு போங்கள்.

அக்குவா பற்றரி 144 வோல்ட். மூன்றாம் தலைமுறை பிரியஸ் 201.6. இன்வேர்ட்டர் அதை 500க்கு மேலும் உயர்த்தும். இந்த உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் நிற வயரைத் தொடுவதற்கு முன் ஸ்மார்ட் சாவியைத் தூர வை, 12 வோல்ட் நெகட்டிவ்வைக் கழற்று, 1000 வோல்ட் கையுறை போட்டு, பற்றரியைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்து உன் சட்டைப் பையிலேயே போடு, பத்து நிமிடம் பொறு, பிறகு மீற்றரால் பூச்சியம் என்று உறுதி செய். மாணவர்களுக்கு இதை மனப்பாடமாகச் சொல்ல வைப்பேன். பிளக்கைப் பையில் போடச் சொல்வது, நீங்கள் உள்ளே கை வைத்திருக்கும்போது வேறு ஒருவர் அறியாமல் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக. கையுறையை ஒவ்வொரு முறையும் சுருட்டிக் காற்றடைத்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 குறியீடு வந்ததும் "பற்றரி முடிந்தது" என்று பில் எழுதாதீர்கள். பின் சீட் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைப் பாருங்கள். தூசியும் தலைமுடியும் அடைத்து, விசிறி சுற்றியும் காற்றுப் போகாமல் இருக்கும். நம் வெயிலுக்கு அது போதும் பற்றரியைக் கொல்ல. பற்றரிக்குள் இருக்கும் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுச்செட்டித்தெரு மாணவர்: வகுப்பெல்லாம் சிங்களத்தில் நடக்குமாமே. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது.

பேச வருமென்றால் சேருங்கள். செய்முறைக் கூடத்தில் கிளட்ச், கியர், பெயரிங் எல்லாம் எல்லாருக்கும் ஒரே சொல். எழுத்துப் பரீட்சையும் மதிப்பீடும் எந்த மொழியில் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தமிழில் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படாதீர்கள். வாகனக் கம்பனிகளின் சேர்விஸ் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். தினம் ஒரு பக்கம் வாசித்துப் பழகுங்கள். நம் தமிழ்ப் பிள்ளைகள் மொழிக்குப் பயந்து அரசாங்கத்தின் இலவச இடங்களை விட்டுவிட்டு, கடன்பட்டுத் தனியார் வகுப்புக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பொரளையிலிருந்து ஒரு தங்கச்சி: பெண் பிள்ளைகள் சேரலாமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

தாராளமாகச் சேருங்கள். கியர்பொக்ஸை யாரும் கையால் தூக்குவதில்லை, அதற்கு ஜக் இருக்கிறது. என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் வயரிங் வரைபடத்தைப் பொறுமையாகப் பின்தொடர்ந்த விதம் இன்னும் நினைவில் நிற்கிறது. சேரும் இடத்தில் உடை மாற்ற அறை, கழிவறை எப்படி என்று அம்மாவோடு போய்ப் பாருங்கள்.

வெல்லம்பிட்டியிலிருந்து: வெளிநாடு போகத்தான் படிக்கிறேன். எந்தச் சான்றிதழ் எடுபடும்?

என்.வி.கியூ. நாலாவது கையில் இருக்கட்டும். ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய குறித்த திறன் விசாவில் வாகனப் பராமரிப்பும் ஒரு துறை. அதற்குத் தொழிற் பரீட்சையோடு ஜப்பான் மொழிப் பரீட்சையில் என்4 என்ற மட்டத்தின் அளவும் வேண்டும். மொழிக்குத்தான் அதிக காலம் எடுக்கும், ஆகவே அதை முதலில் தொடங்குங்கள். அவுஸ்திரேலியாவுக்கு அவர்களுடைய திறன் மதிப்பீட்டைத் தாண்ட வேண்டும், செய்த வேலைக்கான கடிதங்கள் சம்பளச் சீட்டோடு இருக்க வேண்டும். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு மாணவர்: சேர்ந்துவிட்டேன். முதலில் என்ன ஆயுதம் வாங்குவது?

வாழ்த்துகள் தம்பி. 8 முதல் 19 வரை ஸ்பானர் செட் ஒன்று, 10, 12, 14 சொக்கட் இரண்டிரண்டு (10 எப்படியும் தொலையும்), நல்ல மல்ட்டிமீற்றர், கண்ணுக்குக் கண்ணாடி. டோர்க் ரென்ச் சம்பளம் வந்த பிறகு வாங்கலாம், அதுவரை நிலையத்தில் இருப்பதை உபயோகியுங்கள். ஸ்கேனரை இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். மீற்றரில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரமும் 1000 வோல்ட் என்றும் அதன் உடம்பில் அச்சிட்டிருக்க வேண்டும். நாளைக்கு நீங்கள் ஹைபிரிட் பக்கம் போகும்போது அதே மீற்றர்தான் உங்கள் கையில் இருக்கும்.