கும்பகோணத்திலிருந்து மிரிஸ்ஸ: நாகை கப்பலா, திருச்சி விமானமா?

ஜனவரியில் பெற்றோருடன் நீலத் திமிங்கிலம் பார்க்க இலங்கையின் மிரிஸ்ஸ போக, நாகப்பட்டினம் கப்பல் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கப்பல் இறக்கிவிடும் காங்கேசன்துறை வடகோடி, மிரிஸ்ஸ தென்கோடி. நடுவில் முழுத் தீவும் கிடக்கிறது. பருவமழைக் காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவதும் உண்டு.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். அலைச்சலே கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகுதான்: அதிவேக நெடுஞ்சாலையில் வேன் பிடித்தால் சுமார் 3 மணி நேரம். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கடலோர ரயில் மலிவு, அழகும்கூட. ஆனால் பெட்டிகளோடு பெரியவர்களை ஏற்றி இறக்க முடியுமா, பாருங்கள்.

படகு பெரும்பாலும் காலை ஆறரை வாக்கில் கிளம்பும். முந்தைய இரவே மிரிஸ்ஸவில் தங்குங்கள். அலை அதிகமென்றால் பயணம் ரத்தாகும், ஆகவே மறுநாள் காலையும் கையில் இருக்கட்டும். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுமுன்பே போட்டுவிடுங்கள்.