20 வருடக் கடனில் 12 வருட மெஷின்

கேள்வி: திருச்சியில் வீடு கட்டுகிறோம். மூன்று படுக்கையறை, ஒரு ஹால். மகன் ஹாஸ்டலில் இருக்கிறான்; வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். வீடு முழுக்க சென்ட்ரல் ஏசி போட்டுவிடலாம், 6 லட்சம் ஆகும், வீட்டுக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் இன்ஜினீயர். இரண்டு விண்டோ ஏசி போதும் என்கிறார் கணவர். எது லாபம்?

பதில்: நான் உங்கள் கணவர் பக்கம். 'கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம்' என்பதுதான் என்னை உறுத்துகிறது. 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், அந்த 6 லட்சத்துக்கு மட்டும் மாதத் தவணை சுமார் 5,200 ரூபாய். கடைசியில் 12.5 லட்சம் கட்டியிருப்பீர்கள். ஏசியோ 12, 15 வருடம் ஓடினாலே பெரிய விஷயம். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்ட மெஷினுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு விண்டோ ஏசி 70 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

அடுத்து கரண்ட் பில். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். இரவு 8 மணி நேரம் போட்டால், இரண்டு மாத பில்லில் ஓர் அறைக்கே 480 முதல் 720 யூனிட். நம் மின்வாரிய ஸ்லாபில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். ஆளில்லாத அறையையும் ஹாலையும் குளிரவைத்தால், அந்தக் கூடுதல் யூனிட்டெல்லாம் இந்த விலையில்தான் விழும்.

அறை அறையாக அணைக்கிற விஆர்எஃப் வகை இருக்கிறதே என்பார் இன்ஜினீயர். உண்மைதான். பத்துப் பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம், பகலிலும் எல்லா அறையும் ஓடும் என்றால் நானே அதைச் சொல்வேன். இரண்டு பேருக்கு எதற்கு? எல்லா அறைக்கும் ஒரே வெளி யூனிட்; அது பழுதானால் வீடே வியர்க்கும். விண்டோ ஏசி ஒன்று படுத்தால், பாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விடலாம்.

சத்தம் இருக்கும். என் அறையில் ஓடுவது பழைய பம்ப்செட் மாதிரிதான் இரையும், பழகிவிட்டது. ஜன்னல் வெளிச்சமும் போகும். அது பிடிக்காவிட்டால் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, கரண்ட் குறைவு.

சுவர் பூசுவதற்கு முன்பே மூன்று அறைக்கும் ஏசிக்கான தனி வயரிங் இழுத்துவிடுங்கள். மகன் அறைக்கு அவன் திரும்பி வந்தபின் ஏசி வாங்கினால் போதும். மிச்சத்தில் கொஞ்சத்தை மொட்டை மாடிக்குச் செலவிடுங்கள்: தட்டோடு பதிக்கலாம், இல்லையென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில் அந்தச் சூட்டைக் கீழே கக்கும். அதோடு மல்லுக்கட்டித்தான் ஏசி அவ்வளவு கரண்டைத் தின்கிறது.

அந்த 6 லட்சத்தை எடுத்துவிட்டு, வங்கிக்குப் புது எஸ்டிமேட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.